கருப்பு கிளிப் எங்க போகுது? வீட்டுல செஞ்ச டெஸ்டரை ஸ்கோப்புல மாட்டுற விதம்

ஒரு 6 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ரெண்டு பிஎன்சி சாக்கெட் (ஸ்கோப் கேபிள் மாட்டுற வட்ட கனெக்டர்), ஒரு டப்பா. இவ்வளவு தான், இருக்கிற ஆசிலோஸ்கோப்பை (வோல்டேஜ் மாறுறதை திரையில கோடா வரையற கருவி, சுருக்கமா ஸ்கோப்) காம்போனென்ட் டெஸ்டரா, அதாவது ரெசிஸ்டர், டையோட் மாதிரி பாகம் நல்லா இருக்கான்னு பாக்கற கருவியா, மாத்திடலாம். ஆக்டோபஸ்னு சொல்வாங்க இந்த சர்க்யூட்டை, பிக்சர் ட்யூப் டிவி ரிப்பேர் பண்ண காலத்துலேருந்தே இருக்கு. செய்யறது ஒரு மதியான வேலை. ஆனா செஞ்சதை ஸ்கோப்புல மாட்டுற இடத்துல தான் ஆளுங்க சிக்கிக்கிறாங்க, அதனால முதல்ல கிரவுண்ட் விஷயத்தை பேசிடுவோம், அவசரக்காரங்க கூட இந்த பகுதியை தாண்டிப் போகாதீங்க.

மல்டிமீட்டர்ல கருப்பு வயரை எங்க வேணா வைக்கலாம், அதுக்கும் வீட்டு கரண்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்கோப் அப்படி இல்ல. ஸ்கோப்போட பிளக்கை சுவத்துலேருந்து கழட்டிட்டு, மல்டிமீட்டரை கன்டின்யூட்டில வெச்சு, ஒரு முனையை பிஎன்சியோட வெளி உலோகத்துலயும் இன்னொண்ணை பிளக்கோட பெரிய எர்த் பின்னுலயும் வைங்க. பீப் அடிக்கும். அடுத்த சேனல் பிஎன்சிலயும் வைங்க, அதுவும் அடிக்கும். அதாவது ப்ரோப்ல தொங்குற அந்த கருப்பு கிளிப் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஷார்ட், எல்லாமே வீட்டு எர்த். அதை சர்க்யூட்டுல எந்த இடத்துல கடிக்க விட்டாலும் அந்த இடத்தை நீங்க பூமியில கட்டிட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டு சேனல் கிளிப்பையும் ரெண்டு வேற வேற இடத்துல கடிக்க விட்டா அந்த ரெண்டு இடமும் ஸ்கோப் வழியா ஷார்ட்.

இது தெரிஞ்சா மீதி எல்லாம் தானா வரும். வீட்டுல செஞ்ச எந்த டப்பாவை மாட்டறதுக்கு முன்னாடியும் ஒரே கேள்வி தான்: இதுக்கு பவர் எங்கேருந்து வருது, அந்த வழியா ஏற்கனவே எர்த்தோட ஒட்டிக்கிட்டு இருக்கா இல்லையா?

பேட்டரின்னா கவலையே இல்ல, மிதக்குது, அதாவது எர்த்தோட ஒட்டல, கிளிப்பை எங்க வேணா போடலாம், ஆனா ஒரே ஒரு இடத்துல. லேப்டாப் யூஎஸ்பிலேருந்து பவர் எடுத்தா கவனம், மூணு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்னா அதோட யூஎஸ்பி கிரவுண்ட் பெரும்பாலும் எர்த்துக்கே போகும், டெஸ்க்டாப்னா நிச்சயம் போகும். அர்டுய்னோ போர்டை யூஎஸ்பில செருகி வெச்சுக்கிட்டு ஸ்கோப் கிரவுண்டை 5 வோல்ட் லைன்ல கடிக்க விட்டா யூஎஸ்பி போர்ட் போயிடலாம், இதுக்கு மெயின்ஸ் கரண்ட்டே தேவையில்ல.

ரெண்டு பின் அடாப்டர் இன்னொரு ரகம். எர்த் கிடையாது, ஆனா சும்மாவும் இருக்காது. உள்ளே இரைச்சலை அடக்கறதுக்கு மெயின்ஸ் பக்கத்தையும் வெளி பக்கத்தையும் இணைக்கிற சின்ன கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டிருப்பாங்க, அது வழியா கசியற கரண்ட்டால உங்க டப்பாவோட கிரவுண்டுக்கும் ஸ்கோப் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சா 50, 80, 100 வோல்ட் ஏசி கூட காட்டும். பயந்துடாதீங்க, ஆனா விட்டுடவும் வேணாம். அதே ரெண்டு இடத்துக்கு நடுவுல 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை முதலை கிளிப்பால மாட்டி திரும்ப பாருங்க, மாட்டும்போது அடாப்டர் ஆஃப்ல இருக்கணும், அப்புறம் ஆன். வோல்டேஜ் சடார்னு பத்து பதினைஞ்சுக்கு இறங்கினா அது கசிவு தான். இறங்காம நின்னா அந்த அடாப்டரை குப்பையில போடுங்க, யோசிக்கவே வேணாம். கசிவுன்னாலும் மாட்டும்போது அடாப்டரை ஆஃப் பண்ணிட்டு, கிரவுண்டை முதல்ல மாட்டிட்டு, அப்புறம் ஆன் பண்றது நல்லது, ஒரு மாஸ்ஃபெட் (ஒரு வகை ட்ரான்ஸிஸ்டர்) கேட் சாகறதுக்கு அந்த கசிவே போதும்.

சிலபேர் இதையெல்லாம் கேட்டுட்டு, அப்ப ஸ்கோப்போட எர்த்தை கழட்டிட்டா பிரச்சினை முடிஞ்சுதேன்னு கேப்பாங்க. தயவுசெஞ்சு வேணாம். இங்க சிங்கப்பூர்ல நிறைய வீட்டுல ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, ரெண்டு பின் பிளக்கை மூணு பின் சாக்கெட்டுல செருக எர்த் ஓட்டையில பேனாவோ சாப்ஸ்டிக்கோ விட்டு ஷட்டரை திறக்கறது. போன் சார்ஜருக்கே அது தப்பு, ஸ்கோப்புக்கு எர்த் இல்லாத பிளக் மாட்டி அந்த மாதிரி ஓட்டினா ஸ்கோப்போட சொந்த ஃபில்டர் கெப்பாசிட்டரால அதோட உலோகம் முழுக்க மெயின்ஸ்ல பாதி வோல்டேஜ்ல, 115 பக்கத்துல, மிதக்க ஆரம்பிக்கும், விரல்ல சுர்ருன்னு இழுக்கும். அதுக்கு மேல கிளிப் லைவ்ல பட்டா மொத்த பெட்டியும் லைவ், நீங்க கை வெச்சிருக்கிற ஒவ்வொரு பட்டன் பக்கத்துல இருக்கிற பிஎன்சியும் லைவ். பேட்டரில ஓடுற கையடக்க ஸ்கோப்புக்கும் இதே கதை, மிதக்குதுங்கறதுக்காக அதோட கிளிப்பை மெயின்ஸ்ல போட்டுட்டு உலோகத்தை தொடாதீங்க.

வீட்டுல ஆர்சிசிபி (எர்த் கசிவுக்கு விழற பிரேக்கர்) இருக்கே, அது காப்பாத்தாதான்னா, பாதி காப்பாத்தும். 1985 ஜூலைக்கு அப்புறம் வந்த வீடுங்களுக்கு அது கட்டாயம், பழைய ஹெச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடுங்களுக்கும் 2025 ஜூலைலேருந்து கட்டாயம் ஆயிடுச்சு, 30 மில்லிஆம்ப் எர்த் பக்கம் ஓடினா கட் பண்ணும். ஆளை காப்பாத்தறதுக்கு வெச்சது அது. கிளிப் லைவ்ல பட்டா ஆர்சிசிபி விழும், ஆனா விழறதுக்குள்ள கிளிப்போட மெல்லிசு வயரும் ஸ்கோப் உள்ள போர்டுல இருக்கிற ட்ராக்கும் வெந்து போயிருக்கும். ஒரு கையில லைவ் இன்னொரு கையில நியூட்ரல் பிடிச்சா அதுக்கு தெரியவே தெரியாது.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம்.

சாமான் வாங்க சிம் லிம் டவர் போங்க, சிம் லிம் ஸ்கொயர் இல்ல, ஸ்கொயர்ல கம்ப்யூட்டரும் போனும் தான். ரோச்சோர் எம்ஆர்டில இறங்கினா ரெண்டுமே நடக்கிற தூரம், தேக்காவுல சாப்பிட்டுட்டு போகலாம், ஆனா ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நிறைய கடை மூடியிருக்கும். கடையில அங்கிள்கிட்ட வெறும் ஸ்டெப் டவுன்னு கேட்டா, ஜப்பான்லேருந்து ரைஸ் குக்கர் கொண்டு வந்தவங்க வாங்குற 230க்கு 110 பெட்டியை நீட்டுவார், அது வேணவே வேணாம். அந்த பெட்டிங்கள்ல நிறைய ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மர், அதாவது ஒரே சுருள், உள்ள வர்ற பக்கமும் வெளிய போற பக்கமும் ஒட்டியே இருக்கும், ஐசோலேஷன் சுத்தமா கிடையாது. நமக்கு வேண்டியது போர்டுல சோல்டர் பண்ற சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர், ப்ரைமரி (உள்ள வர்ற பக்கம்) 230, செகண்டரி (வெளிய போற பக்கம்) 6 வோல்ட், 3 விஏ போதும். சந்தேகம்னா கடையிலேயே மீட்டர் வெச்சு பாருங்க, ப்ரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல கன்டின்யூட்டி அடிச்சா திருப்பி குடுத்துடுங்க. டிசி அடாப்டர் எதுவும் உதவாது, ஏசி தான் வேணும். பழைய மோடம் சிலதோட 9 வோல்ட் ஏசி அடாப்டர் வந்திருக்கும், அவுட்புட்ல ஏசின்னு அச்சடிச்சிருந்தா அது தங்கம், மெயின்ஸ் வயரிங்கை தொடாமலே வேலை முடியும். புதுசா இந்த பக்கம் வர்றவங்க அதையே தேடி எடுங்கன்னு சொல்வேன்.

வயரிங் இப்படி. செகண்டரியோட ஒரு முனைக்கு 'ஏ'ன்னு பேர் வெச்சுக்கோங்க, இன்னொண்ணு 'பி'. ஏ முனை நேரா சிவப்பு டெஸ்ட் ப்ரோப்புக்கு போகுது. கருப்பு டெஸ்ட் ப்ரோப் ஒரு நடு புள்ளிக்கு வருது, அந்த நடு புள்ளிலேருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா பி முனைக்கு. முடிஞ்சது. நடு புள்ளி தான் ஸ்கோப் கிரவுண்ட், ரெண்டு பிஎன்சி சாக்கெட்டோட வெளி உலோகமும் அங்க. ஏ முனை சேனல் 1, பி முனை சேனல் 2. டெஸ்ட் பண்ற பொருள் மேல இருக்கிற வோல்டேஜ் சேனல் 1ல, அது வழியா ஓடுற கரண்ட் ரெசிஸ்டர் மேல வோல்டேஜா மாறி சேனல் 2ல. 1 கிலோ ஓம்ங்கறதால 1 வோல்ட்னா 1 மில்லிஆம்ப், கணக்கே போட வேணாம்.

கிரவுண்ட் நடுவுல இருக்கிறது தான் இதோட சூட்சுமம், அதனால தான் ட்ரான்ஸ்ஃபார்மர் செகண்டரியோட ரெண்டு முனையும் வேற எங்கயும் தொடாம மிதக்கணும். அதுல ஒண்ணு எர்த் ஆனா ஒண்ணு ரெசிஸ்டர் ஷார்ட் ஆகும், இல்லன்னா டெஸ்ட் பண்ற பொருள் ஷார்ட் ஆகும், திரையில அர்த்தமில்லாத கோடு ஒண்ணு வரும்.

மெயின்ஸ் பக்கம்: 13 ஆம்ப் பிளக்குல உள்ள ஃப்யூஸை கழட்டிட்டு 3 ஆம்ப் போடுங்க, டப்பாவுக்குள்ள ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடி 100 மில்லிஆம்ப் ஸ்லோ ஃப்யூஸ் ஒண்ணு. 3 விஏ ட்ரான்ஸ்ஃபார்மர் 230ல இழுக்கிறதே 13 மில்லிஆம்ப் தான், வெறும் 13 ஆம்ப் ஃப்யூஸை நம்பி விட்டா ட்ரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சு முடிக்கிற வரைக்கும் அது வேடிக்கை பார்க்கும். மெட்டல் டப்பான்னா எர்த் வயரை டப்பாவோட போல்ட் போட்டு இறுக்குங்க. பிளாஸ்டிக் டப்பான்னா மெயின்ஸ் சோல்டர் எல்லாத்துக்கும் ஹீட் ஷ்ரிங்க், கயிறு இழுத்தா சோல்டர் மேல பாரம் விழாத மாதிரி உள்ள ஒரு கிளாம்ப். சின்ன பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா வேலை முடிஞ்சதும் சுவத்துலேருந்து கழட்டிடுங்க.

ஸ்கோப்புல மாட்டறதுக்கு ப்ரோப் வேணாம், ரெண்டு பக்கமும் பிஎன்சி உள்ள கேபிள் ரெண்டு போதும், 50 ஹெர்ட்ஸ் தானே, எந்த கேபிளும் ஓடும். ஆனா சேனல் மெனுவுல ப்ரோப் அளவு 10னு இருந்தா 1க்கு மாத்துங்க, ஸ்கோப் அதுவா கண்டுபிடிக்காது, 8 வோல்ட்டை 80னு காட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு சேனலும் டிசி கப்ளிங், ரெண்டும் 2 வோல்ட் ஒரு கட்டத்துக்கு, சேனல் 2ஐ மட்டும் இன்வெர்ட் பண்ணுங்க, ஏன்னா பி முனை நடு புள்ளிக்கு எதிர் பக்கம் இருக்கு, கரண்ட் தலைகீழா தெரியும். இப்ப எக்ஸ்-ஒய் மோட், அதாவது சேனல் 1 படத்தை குறுக்கேயும் சேனல் 2 மேலகீழயும் நகர்த்தும். சில ஸ்கோப்புல ஹொரிசான்டல் மெனுவுல இருக்கும், சிலதுல அக்வயர் மெனுவுல ஒளிஞ்சிருக்கும், சேனல் ஒண்ணே ஒண்ணு உள்ள சின்ன கிட் ஸ்கோப்புல இருக்கவே இருக்காது.

டிஜிட்டல் ஸ்கோப்புல ஒரு விஷயம் பழைய அனலாக் ஆளுங்களுக்கு புரியறதுக்கு நேரம் ஆகும். அனலாக்ல எக்ஸ்-ஒய் போட்டா டைம்பேஸ் (திரையோட நேர அளவு) வேலையை நிறுத்திடும். டிஜிட்டல்ல அது பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், எவ்வளவு நேரத்து டேட்டாவை வரையணும்ங்கறதை அது தான் முடிவு பண்ணும். 50 ஹெர்ட்ஸோட ஒரு சுத்து 20 மில்லிசெகண்ட், அதனால டைம்பேஸை 5 மில்லிசெகண்ட்ல வைங்க, ரெண்டு மூணு முழு சுத்து கிடைக்கும். மைக்ரோசெகண்ட்ல விட்டுட்டு படம் பாதி தான் வருதுன்னு ட்ரான்ஸ்ஃபார்மரை திட்டுறவங்க உண்டு. கோடு தடிப்பா முடி முளைச்ச மாதிரி இருந்தா ரெண்டு சேனலுக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் (அதுக்கு மேல உள்ள வேகமான இரைச்சலை வெட்டறது) போடுங்க.

ப்ரோப் ரெண்டும் தனியா இருக்கும்போது படுத்த கோடு, ரெண்டையும் தொட வெச்சா நின்ன கோடு. 6 வோல்ட்னா உச்சத்துல எட்டரை, ஆனா சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதப்ப எழுதினதை விட நிறையவே குடுக்கும், கோடு திரையை தாண்டினா 5 வோல்ட் கட்டத்துக்கு போங்க. ரெசிஸ்டர் வெச்சா சாய்ஞ்ச கோடு, 1 கிலோ ஓம்னா சரியா 45 டிகிரி, இதை வெச்சே டெஸ்டர் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கலாம். டையோட் வெச்சா இடதுபக்கம் படுத்து வந்து 0.6 வோல்ட் கிட்ட சடார்னு மேல திரும்பும். மேல திரும்பாம கீழ போனா டையோடை திருப்பி வெச்சிருக்கீங்க, இல்லன்னா இன்வெர்ட் போட மறந்திருக்கீங்க. 5.1 வோல்ட் ஸீனர் டையோடுக்கு ரெண்டு பக்கமும் முட்டி, அதாவது கோடு சட்டுனு மடங்குற இடம், தெரியும். சிலிக்கான் ட்ரான்ஸிஸ்டரோட பேஸ்-எமிட்டர்லயும் தலைகீழ் பக்கம் 6, 7 வோல்ட்ல முட்டி வரும், அது கெட்டுப் போனது இல்ல, அதோட சுபாவமே அது தான்.

கெப்பாசிட்டர் தான் பாக்க அழகு. 1 மைக்ரோஃபாரட்னா 50 ஹெர்ட்ஸ்ல அதோட எதிர்ப்பு 3.2 கிலோ ஓம் பக்கம், படுத்த முட்டை வடிவம். 10 மைக்ரோன்னா 320 ஓம், முட்டை எழுந்து நிக்கும். 100 மைக்ரோவுக்கு மேல கிட்டத்தட்ட நின்ன கோடு, ஷார்ட்டா கெப்பாசிட்டரான்னு கண்ணுக்கு தெரியாது, சேனல் 1ஐ 50 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினா முட்டை மறுபடி விரியும். காஞ்சு போன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சாய்ஞ்ச முட்டையா வரும், உள்ள ரெசிஸ்டன்ஸ் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். பழைய எல்சிடி மானிட்டர் பவர் போர்டுல இது ஒண்ணை வெச்சே பாதி கேஸ் முடிஞ்சிடும்.

இதோட உண்மையான பலம் போர்டுல வெச்சு பாக்கறதுல தான் இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு போர்டு, ஒண்ணு ஓடுது ஒண்ணு ஓடல, ரெண்டுலயும் அதே பின்னுல மாறி மாறி வெச்சு படம் எங்க வித்தியாசமாகுதுன்னு பாத்தா போதும், சர்க்யூட் டயக்ராம் கூட தேவையில்ல. ஆனா இப்ப நம்ம கருப்பு ப்ரோப் வீட்டு எர்த் இல்லையா, அதனால அந்த போர்டுல எந்த கேபிளும் இருக்கக் கூடாது, பவர், யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ எல்லாம் கழட்டணும், ஆஃப் பண்ணினா போதாது. பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மீட்டர்ல பாத்துட்டு தான் கை வைக்கணும். மென்மையான ஐசி இருக்கிற இடத்துல 1 கிலோ ஓமுக்கு பதிலா 10 கிலோ ஓம் போடுங்க, ஒரு சுவிட்ச் வெச்சு ரெண்டையும் மாத்திக்கிற மாதிரி செஞ்சுட்டா இன்னும் நல்லது.

ஃபங்ஷன் ஜெனரேட்டர் (வேணுங்கற அலையை உண்டாக்குற கருவி) இருக்கே, ட்ரான்ஸ்ஃபார்மர் எதுக்குன்னு கேட்டா, அதோட அவுட்புட் கிரவுண்டும் பெரும்பாலும் எர்த் தான், மேல சொன்ன வயரிங் அப்படியே சரிப்படாது. வேற மாதிரி போடலாம்: ஜெனரேட்டர், டெஸ்ட் பண்ற பொருள், அப்புறம் 100 ஓம், அப்புறம் கிரவுண்ட். சேனல் 2 அந்த 100 ஓம் மேல, சேனல் 1 ஜெனரேட்டர் முனையில. இன்வெர்ட் வேணாம். சேனல் 1ல பொருளோட வோல்டேஜும் 100 ஓமோடதும் சேந்து வரும், அதனால நிமிர்ந்து நிக்க வேண்டிய கோடெல்லாம் வலதுபக்கம் சாயும், அதை மனசுல கழிச்சுக்கணும். லாபம் என்னன்னா 1 கிலோஹெர்ட்ஸுக்கு போனா சின்ன கெப்பாசிட்டரெல்லாம் தெரியும்.

இன்னொரு டப்பா செய்யுங்க, இது வேற ரகம்: வேகமான எட்ஜ் (சடார்னு மேல ஏறுற சிக்னல்) குடுக்கிற பல்ஸர், ஸ்கோப்போட உண்மையான வேகம் என்னன்னு பாக்க. 74ஏசி14ங்கற ஐசி ஒண்ணு, உள்ள சிக்னலை தலைகீழாக்குற ஆறு இன்வெர்ட்டர் இருக்கும். 74ஹெச்சி14 ரகம் இல்ல, ஏசி ரகம், ஹெச்சி மெதுவு. அந்த ஆறுல ஒண்ணு ஆசிலேட்டர் (தானா ஆன் ஆஃப் ஆகிக்கிட்டே இருக்கிறது), 10 கிலோ ஓமும் 1 நானோஃபாரடும் போட்டா நூறு கிலோஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல ஓடும். மீதி அஞ்சும் பக்கத்து பக்கத்துல, ஒவ்வொண்ணோட அவுட்புட்லயும் ஒரு 220 ஓம், எல்லாம் ஒண்ணா சேந்து பிஎன்சிக்கு. ஐசியோட சொந்த எதிர்ப்பையும் சேத்தா 50 ஓம் பக்கத்துல வரும். பவர் பின் கிட்டயே, ஒட்டின மாதிரி, 100 நானோஃபாரட். ப்ரெட்போர்டுல செய்யாதீங்க, காப்பர் போர்டுல செய்யுங்க. பவருக்கு பவர்பேங்க் எடுத்தா இது இழுக்கிற கரண்ட் பத்தாம அது தானா தூங்கிடும், மூணு ஏஏ பேட்டரி நிம்மதி, 4.5 வோல்ட்ல நல்லா ஓடும்.

இங்க கேபிள் முக்கியம். ஸ்கோப்போட இன்புட் 1 மெகா ஓம், கேபிள் 50 ஓம், கடைசில போய் முட்டின எட்ஜ் திரும்பி வரும். கேபிள்ல ஒரு மீட்டருக்கு 5 நானோசெகண்ட், போயிட்டு வர 10. பல்ஸர் பக்கம் சரியா 50 ஓம் இல்லன்னா அது அங்க முட்டி மறுபடி வந்து படிக்கட்டு மாதிரி தெரியும். அதனால ஸ்கோப் பக்கம் டி கனெக்டர் மாட்டி அதுல ஒரு 50 ஓம் டெர்மினேட்டர். அது பல்ஸர் பக்கம் இல்ல, ஸ்கோப் பக்கம். ஸ்கோப்புல 50 ஓம் இன்புட் வசதி இருந்தா அதை ஆன் பண்ணாலே போதும், ஆனா அந்த மோட்ல 5 வோல்ட் ஆர்எம்எஸ் தான் பொதுவா தாங்கும், ஆக்டோபஸை தெரியாம அதுல மாட்டிடாதீங்க. சிசிடிவி கடையில கிடைக்கிற பிஎன்சி கேபிள் பெரும்பாலும் 75 ஓம், ஆக்டோபஸுக்கு ஓடும், இதுக்கு ஓடாது. டெர்மினேட்டர் வாங்க காசு குடுக்க மனசில்லன்னா பிஎன்சி பிளக்குள்ள 100 ஓம் ரெண்டை பேரலலா வெச்சு காலை முடிஞ்ச அளவு குட்டையா வெட்டி சோல்டர் பண்ணிக்கலாம், பாதி வோல்டேஜ் தான் அங்க விழும், கால் வாட் தாராளம்.

இப்ப ரைஸ் டைம், அதாவது எட்ஜ் கீழேருந்து மேல ஏற எடுக்கிற நேரம், பாருங்க. 0.35ஐ ஸ்கோப்போட பேண்ட்விட்த்தால (பெட்டியில எழுதியிருக்கிற மெகாஹெர்ட்ஸ்) வகுத்தா வர்றது, 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7 நானோசெகண்ட், 100க்கு 3.5. பல்ஸரே 2 நானோசெகண்ட் பக்கம் எடுத்துக்கும், அதனால 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 7.3 காட்டினா சரியா இருக்குன்னு அர்த்தம். அதை விட கம்மியா, 4 கிட்ட காட்டினா பெட்டியில எழுதினதை விட நல்ல ஸ்கோப்பை வாங்கியிருக்கீங்க. 18, 19னு காட்டினா முதல்ல சேனல் மெனுவுல அந்த 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் இன்னும் ஆன்ல இருக்கான்னு பாருங்க.